வறட்சி தாங்கும் நெல் ரகத்தை உருவாக்குவது எப்படி? மானாவாரிக்கான முழு வழிகாட்டி

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் காய்ந்த நிலத்தைப் புழுதியாக உழுது அப்படியே நெல்லை விதைத்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் முளைக்கும். கண்மாயில் தண்ணீர் சேர்ந்தால் கடைசியில் ஒன்றிரண்டு தண்ணீர் கிடைக்கும். மார்கழியில் மழை சட்டென்று நின்று, கண்மாயும் கைவிட்டால் கதிர் வரும் நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. பயிர் சாவியாகிப்போகும். இப்படிப்பட்ட நிலத்துக்கு ஒரு நெல் ரகத்தைக் கலப்பு செய்து, தேர்ந்தெடுத்து, நிலைப்படுத்துவது எப்படி என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். வேளாண் மாணவர்கள், விதை சேகரிக்கும் குழுக்கள், பத்து சென்ட் நிலமும் பொறுமையும் உள்ள விவசாயிகள் என எல்லோருக்கும் இது பயன்படும்.

ஒன்றை முன்னமே சொல்லிவிடுகிறேன். இரண்டு நெல்லைக் கலப்பது ஒரு வாரத்தில் பழகிவிடும் வேலை. வயலில் ஒழுங்கான வறட்சியை உண்டாக்கி, அதில் எது தேறியது, எது தேறியதுபோல் தோன்றுகிறது என்று பிரித்தறிவதுதான் கஷ்டம். பெரும்பாலான முயற்சிகள் அங்கேதான் வழி தவறுகின்றன. அதனால் அந்தப் பகுதியைத்தான் நீளமாக எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த வறட்சிக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"வறட்சி தாங்கும் ரகம்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. முளைத்த இருபதாம் நாளில் மழை விட்டுப்போவது ஒரு வறட்சி. தூர் கட்டும்போது இரண்டு வாரம் வெயில் அடிப்பது இன்னொன்று. பொதிப் பருவத்திலிருந்து பால் பிடிக்கும்வரை மண் காய்ந்து கிடப்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் பயிர் வாடினாலும் அடுத்த மழையில் எழுந்துவிடும், தூர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மூன்றாவதில் மீட்பே இல்லை. ஈரம் போதாவிட்டால் கதிர்க்காம்பு நீளாது. கதிர் பாதி உறைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மகரந்தம் மலடாகும், மகரந்தப்பை சரியாக வெடிக்காது. செடி பச்சையாகவே நிற்கும், மணி மட்டும் இருக்காது.

உங்கள் பகுதியில் எது அடிக்கடி வருகிறது என்று தெரிந்துகொள்ள, பக்கத்து மழைமானி நிலையத்தின் இருபது, முப்பது வருடக் கணக்கை வாங்கி வாரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். விதைத்த நாளிலிருந்து எத்தனையாவது வாரத்தில் இடைவெளி விழுகிறது என்று குறியுங்கள். ஊரில் வயதானவர்களிடம் கேட்டாலும் அதையே சொல்வார்கள். ஆனால் கணக்கும் கையில் இருப்பது நல்லது. கடைசியாக வந்த கொடுமையான வருடம் மற்ற வருடங்களை மறைத்துவிடும்.

மண்ணையும் பாருங்கள். கரிசல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், மெதுவாகக் காயும். செம்மண்ணும் மணற்பாங்கும் ஒரு வாரத்திலேயே கையை விரித்துவிடும். ஒரு மண்ணில் தேர்ந்தெடுத்த ரகம் மற்றதில் அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பவேண்டாம்.

படி 2: பயிர் வறட்சியை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வழி தப்பித்தல். ஈரம் தீருவதற்குள் விளைந்து முடித்துவிடுவது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வந்த அண்ணா 4 ரகம் 100 முதல் 105 நாளில் முடிந்துவிடும். மானாவாரியில் அது பரவியதற்கு இந்த வயதும் முக்கியக் காரணம்.

இரண்டாவது தவிர்த்தல். வெளியே காய்ந்தாலும் செடிக்குள் ஈரத்தைக் குறையவிடாமல் வைத்திருப்பது. ஆழமான வேர், இலையைச் சுருட்டிக்கொள்வது, இலைமேல் மெழுகு எல்லாம் இதில் சேரும். 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிஆர்ஓ1 என்ற மரபணுவை அடையாளம் காட்டினார்கள். அது வேர் இறங்கும் கோணத்தை மாற்றுகிறது. பிலிப்பைன்ஸின் கினன்டாங் படோங் என்ற மேட்டுநில ரகத்திலிருந்து அதை ஐஆர் 64 என்ற நெல் ரகத்துக்குக் கொண்டுவந்தபோது வேர் ஆழமாக இறங்கியது, வறட்சியில் விளைச்சலும் கூடியது. ஆனால் கீழே ஈரம் இருந்தால்தான் ஆழமான வேருக்கு வேலை. ஒரு சாணுக்குக் கீழே கெட்டித்தட்டான மண் இருந்தால் வேர் மரபணு ஒன்றும் செய்யாது. முதலில் ஆழ உழவேண்டும்.

மூன்றாவது உண்மையான தாங்கல். செல்லுக்குள் கரைபொருள்களைச் சேர்த்துக்கொண்டு, ஈரம் குறைந்தும் வேலையைத் தொடர்வது. நான்காவது, மழை வந்ததும் மீண்டெழுவது. முன்பருவ வறட்சிக்கு இது ரொம்ப முக்கியம், கடைசிப் பருவ வறட்சிக்குப் பயனில்லை.

இந்த நான்கையும் பிரித்துப் புரிந்துகொள்வது ஏட்டு விஷயம் இல்லை. வறட்சி வயலில் நன்றாக விளைந்த ஒரு செடி, உண்மையில் பத்து நாள் முன்னால் பூத்துத் தப்பித்த செடியாக இருக்கலாம். அதை நீங்கள் தாங்கும் செடி என்று எடுத்துவைத்தால், நல்ல மழை வருடத்தில் குறைந்த விளைச்சல் தரும் குறுவயது ரகம்தான் கையில் மிஞ்சும்.

படி 3: பெற்றோரைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு பக்கம் உங்கள் ஊரில் ஏற்கெனவே பிடித்துப்போன, நல்ல விளைச்சல் தரும் ரகம். மறுபக்கம் வறட்சியில் நிற்கும் ரகம். தென் மாவட்டங்களில் நொருங்கன், நூற்றிப்பத்து, குருவைக் களஞ்சியம், மட்டைக்கார், சித்திரைக்கார், புழுதிக்கார் போன்ற பழைய ரகங்கள் மானாவாரிக்கென்றே இருந்தவை. இவற்றில் நொருங்கன் கலப்புக்கு நன்றாகப் பயன்பட்டிருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட கோ 53, பிஎம்கே 3 ரகத்தையும் நொருங்கனையும் கலந்து உருவாக்கியது.

பழைய ரகம் என்றாலே வறட்சி தாங்கும் என்று எண்ணவேண்டாம். தாளடிக்கென்று இருந்தவை, பள்ளக்காலுக்கென்று இருந்தவை என்று அவற்றிலும் பிரிவு உண்டு. எந்த நிலத்தில் எத்தனை தலைமுறையாக விளைந்தது என்பதுதான் தகுதி.

பெற்றோர் இரண்டையும் பார்வையை வைத்து மட்டும் எடைபோடக்கூடாது என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. இந்தியாவின் வந்தனா ரகத்தையும் இந்தோனேசியாவின் வே ராரெம் ரகத்தையும் கலந்து ஆராய்ந்தபோது, கடும் வறட்சியில் விளைச்சலைத் தூக்கும் ஒரு பெரிய மரபுப் பகுதி கிடைத்தது. கியூடிடிஒய் 12.1 என்று அதற்குப் பெயர். அது வந்தது வறட்சி தாங்கும் வந்தனாவிலிருந்து அல்ல, வறட்சியில் விழுந்துவிடும் வே ராரெமிலிருந்து! தனியாக நிற்கும்போது தெரியாத குணம், சரியான துணை கிடைத்தபோது வெளியே வந்தது. முடிந்தால் ஒரே ஒரு கலப்போடு நிறுத்தாமல் நான்கைந்து கலப்பு செய்யச் சொல்வது இதனால்தான்.

விதை வாங்கியதும் கலப்பில் இறங்கிவிடாதீர்கள். ஒரு பருவம் விதைத்து, கலவன் (கலந்து வந்த வேறு ரகச் செடிகள்) நீக்கி, ஒரே மாதிரி உள்ள செடியிலிருந்து விதை எடுத்துக்கொள்ளுங்கள். கைமாறி வந்த பழைய ரக விதையில் கலவன் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

படி 4: கலப்பு செய்யும் முறை

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஒரு பூவில் ஆறு மகரந்தப்பை இருக்கும். காலை வெயில் ஏறியதும், ஏறக்குறைய ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரைக்குள், உமி திறந்து உடனே வேலை முடிந்துவிடும். நாம் அதற்கு முந்திக்கொள்ளவேண்டும்.

பெற்றோர் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும்படி பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை தொட்டியில் விதைத்துக்கொள்ளுங்கள். தாய்ச் செடியில் கதிர் பாதிக்கு மேல் வெளிவந்ததும், முந்தைய நாள் மாலையில் வேலையைத் தொடங்குங்கள். ஏற்கெனவே பூத்துவிட்ட நுனிப் பூக்களையும், ரொம்ப இளசாக உள்ள அடிப் பூக்களையும் வெட்டி எறிந்துவிடுங்கள். நடுவில் முப்பது, நாற்பது பூ போதும். ஒவ்வொன்றிலும் உமியின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரியால் சாய்வாக வெட்டி, மெல்லிய இடுக்கியால் ஆறு மகரந்தப்பையையும் எடுத்துவிடுங்கள். ஒன்று நசுங்கினாலும் அந்தப் பூவைக் கிள்ளி எறிவதே நல்லது. முடித்ததும் வெண்ணெய்த்தாள் உறை போட்டு மூடுங்கள்.

மறுநாள் காலை, தந்தைச் செடியில் பூக்கத் தொடங்கும் கதிரை மெதுவாக வெட்டி எடுத்து, உறையைத் திறந்து தாய்க் கதிரின்மேல் தட்டி உதறுங்கள். மகரந்தத்தூள் சில நிமிடங்களில் உயிர் இழந்துவிடும், அதனால் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பேசவேண்டாம். மறுபடி உறை போட்டு, தாய் பெயர், தந்தை பெயர், தேதி எழுதிய அட்டையைக் கட்டுங்கள். ஐந்தாறு நாளில் சூல் பருப்பது தெரியும், 25 முதல் 30 நாளில் விதை முற்றும். உமி வெட்டியதால் மணி பாதி திறந்தே இருக்கும். எறும்பும் பூஞ்சையும் வரும், கவனம்.

பத்து முதல் இருபது கலப்பு விதை இருந்தால் ஒரு கலப்புக்குப் போதும். அவற்றை விதைத்து முளைத்த எஃப்1 (கலப்பின் முதல் தலைமுறை) செடிகள் உண்மையிலேயே கலப்பா, இல்லை தாயின் சொந்த மகரந்தத்தில் பிறந்ததா என்று பார்க்கவேண்டும். தாய் வெள்ளரிசி, தந்தை சிவப்பரிசி என்றால் வேலை சுலபம். சிவப்பு ஓங்கும் குணம் என்பதால், எஃப்1 செடி தரும் அரிசி சிவப்பாக இருக்கும். கலப்பு செய்த அன்று கிடைத்த மணியின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த மணியின் மேல்தோல் தாய்ச் செடியுடையது.

படி 5: தலைமுறைகளைக் கடத்துவது

எஃப்1 செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவற்றின் விதையை விதைத்து வரும் எஃப்2-வில்தான் குணங்கள் சிதறும். உயரம், குட்டை, முந்திப் பூப்பது, பிந்திப் பூப்பது என்று வயலே கலவையாக நிற்கும். இங்கே பலருக்கும் கை துறுதுறுக்கும். நன்றாகத் தெரியும் நான்கு செடியை எடுத்துக்கொண்டு மற்றதை அறுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். வறட்சியில் விளைச்சல் தர ஐந்து மரபணுக்கள் நல்ல வடிவத்தில் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஃப்2-வில் ஐந்தும் நிலைபெற்ற வடிவில் ஒரே செடியில் சேர வாய்ப்பு 1024-இல் 1. பல தலைமுறை கடந்து நிலைபெற்ற வரிசைகளில் (ஒவ்வொன்றும் ஒரே செடியின் வழியில் வந்த விதை) அதே வாய்ப்பு 32-இல் 1. மேலும், எஃப்2-வில் ஒற்றைச் செடியின் விளைச்சல் பக்கத்து இடைவெளி, உரம், ஈரம் இவற்றால்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. அதனால் எஃப்2-வில் உயரம், வயது, நோய், சாயும் குணம் போன்று கண்ணால் தெளிவாகத் தெரிவதை மட்டும் வைத்து மோசமானவற்றைக் கழியுங்கள்.

எனக்குப் பிடித்த முறை ஒற்றை விதை வழி. எஃப்2-வில் ஐந்நூறு செடி இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு விதை எடுத்து எஃப்3 ஆக்கி, அதிலும் அப்படியே செய்து, எஃப்5 வரை ஓட்டுவது. ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு நிலை பாதியாகக் குறையும். எஃப்2-வில் 50 சதவீதம், எஃப்3-இல் 25, எஃப்5-இல் 6.25. இடம் அதிகம் வேண்டாம், தொட்டியிலோ நெருக்கமான பாத்தியிலோ நடத்தலாம், வருடத்துக்கு இரண்டு மூன்று தலைமுறை எடுக்கலாம். மொத்த விதையாக அறுத்து மொத்தமாக விதைக்கும் முறையும் உண்டு. அதில் உயரமான, போட்டி போடும் செடிகள் மற்றவற்றை அமுக்கிவிடும். ஆனால் களை மண்டும் புழுதி விதைப்பு நிலத்தில் அந்தப் போட்டிக் குணமே வேண்டியதாக இருக்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு.

படி 6: வறட்சி வயலைத் தயார் செய்வது

இனிதான் விஷயம். எஃப்5 அல்லது எஃப்6-இல் நூறு, இருநூறு வரிசைகள் கையில் இருக்கும். அவற்றை வறட்சியில் சோதிக்கவேண்டும். மழைக்காலத்தில் விதைத்துவிட்டு வறட்சி வரும் என்று காத்திருந்தால், வேண்டும் வருடத்தில் வராது, வந்தாலும் எல்லா வரிசைக்கும் ஒரே அளவில் வராது. அதனால் மழையில்லாத பருவத்தில், தண்ணீரை நம் கையில் வைத்துக்கொண்டு செய்வதே வழி.

காலத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சித்திரை வெயிலில் பூத்தால் வறட்சியோடு வெப்பமும் சேரும். பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் வறட்சி இல்லாமலே பூக்கள் மலடாகும், எது எதனால் என்று பிரிக்கமுடியாது. தை மாதத் தொடக்கத்தில் விதைத்தால் 100, 105 நாள் வரிசைகள் பங்குனியிலேயே பூத்துவிடும்.

இடம் மேட்டில், தண்ணீர் தேங்காத நிலமாக இருக்கட்டும். பக்கத்து வயலில் தண்ணீர் கட்டியிருந்தால் அது வரப்புக்கு அடியில் கசிந்து உங்கள் ஓர வரிசைகளைக் காப்பாற்றிவிடும். சுற்றிலும் ஒரு முழ ஆழ வாய்க்கால் வெட்டி, இரண்டு மூன்று மீட்டர் காய்ந்த நிலத்தைத் தரிசாக விடுங்கள். வயலின் நாலைந்து இடங்களில் பக்கவாட்டில் துளையிட்ட ஒரு மீட்டர் பிவிசி குழாயைப் புதைத்து, நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குச்சி விட்டுப் பாருங்கள். மேலே வெடித்துக் கிடக்கும் மண்ணுக்குக் கீழே அரை மீட்டரில் தண்ணீர் நின்றால், நீங்கள் நடத்துவது வறட்சிச் சோதனை இல்லை.

அடுத்தது பூக்கும் நாள். இருநூறு வரிசையும் ஒரே நாளில் பூக்காது. ஒரே நாளில் தண்ணீரை நிறுத்தினால் முந்திப் பூத்தவை தப்பித்துவிடும், பிந்திப் பூப்பவை மொத்தமும் மாட்டிக்கொள்ளும். முந்தைய பருவத்திலேயே ஒவ்வொரு வரிசையின் பூக்கும் நாளைக் குறித்துவைத்து, ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் குழுக்களாகப் பிரியுங்கள். வயது கூடிய குழுவை முதலில் விதைத்து, குறைந்ததைப் பின்னால் விதைத்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பூக்கும். இல்லையென்றால் ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பாத்தி வைத்துத் தண்ணீரைத் தனித்தனியாக நிறுத்துங்கள். இந்த வேலையைச் செய்யாமல் எடுத்த தரவு எவ்வளவு அழகாக அட்டவணை போட்டாலும் பூக்கும் நாளைத்தான் சொல்லும், வறட்சியைச் சொல்லாது.

தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பது மண்ணைப் பொறுத்தது. 75-ஆம் நாளில் பூக்கும் ரகத்துக்குக் கரிசலில் 50-ஆம் நாள் வாக்கிலேயே நிறுத்தவேண்டியிருக்கும், செம்மண்ணில் பத்து நாள் முன்னால் நிறுத்தினால் போதும். முதல் வருடம் ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வரிசைகள் காலையிலேயே இலையைச் சுருட்டி மாலைவரை விரிக்காமல் இருந்தால் ஒரு உயிர்த்தண்ணீர் விட்டு, மறுபடி காயவிடலாம். இப்படி இரண்டு மூன்று சுற்று காயவிட்டால், பூக்கும் நாளில் உள்ள சின்னச் சின்ன வித்தியாசமும் ஓரளவு சமப்படும்.

எவ்வளவு கடுமை வேண்டும்? தண்ணீர் விட்ட வயலோடு ஒப்பிடும்போது சராசரி விளைச்சல் 30 சதவீதத்துக்கும் குறைவாகவே விழுந்தால் அது லேசான வறட்சி, வரிசைகளுக்குள் வித்தியாசம் தெரியாது. 65 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் கடும் வறட்சி என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பிரிக்கிறார்கள். எல்லாம் சாவியாகிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதி விழும்படி நடத்துவது நல்ல இலக்கு.

அப்புறம், தண்ணீர் விட்ட வயல் ஒன்று கட்டாயம் வேண்டும். அதே வரிசைகள், அதே உரம், அதே விதைப்பு நாள். இதைச் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஒரு வரிசை வறட்சியால் குறைந்ததா, பிறவியிலேயே குறைந்ததா என்று சொல்லமுடியாது.

ஒவ்வொரு வயலிலும் குறைந்தது இரண்டு தடவை, முடிந்தால் மூன்று தடவை ஒவ்வொரு வரிசையும் வெவ்வேறு இடத்தில் வரவேண்டும். பத்து, பதினைந்து பாத்திக்கு ஒரு முறை தெரிந்த ரகங்களை நடுவே போடுங்கள். அண்ணா 4 போன்ற மானாவாரி ரகம் ஒன்று, வறட்சியில் விழுந்துவிடும் ஐஆர் 64 ஒன்று. நிலத்தில் ஒரு மூலை மட்டும் ஈரமாக இருந்தால் அங்கே உள்ள ஐஆர் 64 நன்றாக நின்று உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

படி 7: எதை அளப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது

முன்பெல்லாம் வேர் நீளம், இலைச் சுருள், புரோலின் (வறட்சியில் செடி சேர்த்துக்கொள்ளும் ஒரு கரைபொருள்) அளவு என்று துணைக்குணங்களைப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். வறட்சி வயலின் விளைச்சலை நம்பமுடியாது, அதன் மரபுவழிப் பங்கு குறைவு என்று ஒரு எண்ணம் இருந்தது. வயலை ஒழுங்காக நடத்தினால் அந்தப் பங்கு அவ்வளவு குறைவில்லை என்று பின்னால் தெரிந்தது. அதற்குப்பின் விளைச்சலையே நேரடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஹசாரிபாக் ஆராய்ச்சி நிலையமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 2010-இல் கொண்டுவந்த சஹ்பாகி தான் ரகம் இந்தப் பாதையில் வந்ததுதான்.

ஆக, முதலில் மணியின் எடை, 14 சதவீத ஈரத்துக்குக் கணக்கிட்டது. அடுத்து பூக்கும் நாள், இரண்டு வயலிலும் தனித்தனியாக. வறட்சியில் பூப்பது எத்தனை நாள் தள்ளிப்போகிறது என்பது செலவில்லாமல் கிடைக்கும் அருமையான தகவல். குறைவாகத் தள்ளிப்போகும் வரிசை பெரும்பாலும் நல்ல வரிசை. மூன்றாவது, பத்துக் கதிரை எடுத்து நிறைந்த மணி எத்தனை, பதர் எத்தனை என்று எண்ணுவது. இந்த மூன்றும் போதும்.

நண்பகலில் இலைச் சுருளுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடலாம், ஆனால் அதைத் தீர்ப்பாக எடுக்கவேண்டாம். சீக்கிரம் சுருட்டுவது சில ரகங்களில் நீரைச் சேமிக்கும் குணம், சிலவற்றில் வேர் தோற்றதன் அடையாளம். அகச்சிவப்பு வெப்பமானி கையில் இருந்தால் பிற்பகலில் இலைப்பரப்பின் சூட்டைப் பாருங்கள். பக்கத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரிசைக்கு வேர் எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருக்கிறது.

கணக்குப் போடும்போது ஒரு கண்ணி உண்டு. வறட்சியில் எத்தனை சதவீதம் விழுந்தது என்பதை மட்டும் பார்ப்பது. ஒரு வரிசை நல்ல வயலில் எக்டருக்கு 5000 கிலோ, வறட்சியில் 1500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீத இழப்பு. இன்னொன்று நல்ல வயலில் 2500, வறட்சியில் 1250. பாதிதான் இழப்பு. சதவீதத்தைப் பார்த்தால் இரண்டாவது வென்றதுபோல் இருக்கும். ஆனால் வறண்ட வருடத்திலும் வீட்டுக்கு அதிக நெல் கொண்டுவருவது முதல் வரிசைதான். அதனால் இரண்டு வயலிலும் தெரிந்த ரகங்களைத் தாண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் வறட்சி விளைச்சலைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். இதை இரண்டு மூன்று வருடம் செய்து, ஒவ்வொரு முறையும் மேலே வருபவற்றை மட்டும் நம்புங்கள்.

படி 8: மரபுக் குறியீடுகள் எங்கே உதவும்

கையில் பணமும் ஆய்வகத் தொடர்பும் இருந்தால் இலைத் துண்டிலிருந்து டிஎன்ஏ எடுத்து, வேண்டிய மரபுப் பகுதி இருக்கிறதா என்று நாற்றுப் பருவத்திலேயே பார்க்கலாம். ஏற்கெனவே நல்ல ரகம் ஒன்றில் ஒரு குணத்தை மட்டும் சேர்க்க இது சிறந்த வழி. நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்தால், மூன்றாவது பின்கலப்பில் சராசரியாக 93.75 சதவீதம் அந்த நல்ல ரகத்தின் மரபே இருக்கும். ஐஆர் 64-இல் இப்படி இரண்டு வறட்சிப் பகுதிகளைச் சேர்த்து வந்த ரகம் இந்தியாவில் டிஆர்ஆர் தான் 42 என்ற பெயரில் வெளியானது.

ஒரு பாடம் இங்கே சொல்லவேண்டியது. உத்தரப் பிரதேசத்தின் நகினா ஊரின் பெயரில் அழைக்கப்படும் என்22 ரகத்திலிருந்து கிடைத்த கியூடிடிஒய் 1.1 என்ற வறட்சிப் பகுதி, குட்டை நெல்லைத் தந்த எஸ்டி1 மரபணுவுக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறது. பசுமைப் புரட்சிக் காலத்தில் குட்டைச் செடியைத் தேடித் தேடி எடுத்தபோது, பக்கத்தில் இருந்த வறட்சி குணமும் சேர்ந்தே கழிந்துபோனது. பின்னால் இரண்டையும் பிரித்து, குட்டையாகவும் வறட்சி தாங்குவதாகவும் வரிசைகள் எடுத்தார்கள். நீங்கள் பழைய ரகத்தோடு கலக்கும்போது உயரமான செடிகளை எஃப்2-விலேயே மொத்தமாக அறுத்தெறிந்தால் இதே இழப்பு உங்கள் வயலிலும் நடக்கலாம். நடுத்தர உயரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டுவையுங்கள்.

வறட்சி தவிர மற்றவை

வெள்ளம் தாங்க வைப்பது வறட்சியைவிட எளிது என்றால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே சப்1ஏ என்ற ஒரே மரபணு பெரும் வேலை செய்கிறது. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்திலிருந்து வந்தது, 2006-இல் அடையாளம் காணப்பட்டது. தண்ணீருக்குள் மூழ்கினால் சாதாரண நெல் மேலே எட்டிப்பிடிக்க நீண்டு, சேமிப்பைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். இந்த மரபணு உள்ள செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு இரண்டு வாரம்போல் காத்திருக்கும். ஸ்வர்ணா சப்1, நம் ஊரில் சிஆர் 1009 சப்1 எல்லாம் இதன் பிள்ளைகள். உவர் நிலத்துக்குக் கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து வந்த சால்டால் என்ற பகுதி முக்கியமானது. ஆனால் அது நாற்றுப் பருவ உப்பைத்தான் தாங்கவைக்கும், பூக்கும் பருவத்துக்கு வேறு வழி தேடவேண்டும்.

கம்பும் மக்காச்சோளமும் அயல் மகரந்தப் பயிர்கள் என்பதால் மேலே சொன்ன தலைமுறை முறை அப்படியே பொருந்தாது. அங்கே ஒற்றை வரிசையை அல்ல, மொத்தக் கூட்டத்தையே சுற்றுச் சுற்றாக மேம்படுத்தவேண்டும். மக்காச்சோளத்தில் ஆண் பூ பூப்பதற்கும் பட்டுநூல் வெளிவருவதற்கும் உள்ள இடைவெளி வறட்சியில் நீளும். அது குறைவாக உள்ள செடிகளைத் தேர்ந்தெடுத்தே நல்ல முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள்.

படி 9: விவசாயி வயலும் அடுப்பும்

ஆராய்ச்சி வயலில் தேறிய ஐந்தாறு வரிசைகளை ஊரில் வெவ்வேறு மண்ணில் பத்துப் பேரிடம் கொடுங்கள். அவர்கள் வழக்கம்போல் விதைக்கட்டும், வழக்கம்போல் களை எடுக்கட்டும். அவர்களுடைய வழக்கமான ரகமும் பக்கத்தில் இருக்கவேண்டும். அறுவடைக்கு முன் பெண்களையும் வயலுக்கு அழைத்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று கேளுங்கள். அவர்கள் பார்ப்பது வேறு. அரைத்தால் நொறுங்குகிறதா, சோறு மறுநாள் பழையதாகத் தாங்குமா, இட்லிக்கு ஆகுமா, வைக்கோலை மாடு தின்னுமா, கதிர் அடிக்கும்போது சுலபமாக உதிருமா. மானாவாரியில் வைக்கோல் பாதி வருமானம். விளைச்சலில் முதலில் வந்த ஒரு வரிசை வைக்கோல் குறைவு என்பதாலேயே ஒதுக்கப்பட்டால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

படி 10: பதிவும் விதைப் பெருக்கமும்

கலப்பிலிருந்து இங்கே வர எட்டு, பத்து வருடம் ஆகியிருக்கும். இனி ரகம் உங்கள் ஊருக்கு மட்டும் போதும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 2001-ஆம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்துவைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பெயர் முத்திரையிட்டுப் பைக்கட்டாமல் விற்க உரிமை தருகிறது. உங்கள் ரகத்தை விவசாயி ரகமாகப் பதிவு செய்யவும் அதே சட்டத்தில் இடமுண்டு, அதற்குப் பதிவுக் கட்டணம் இல்லை. மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டது, ஒரே சீரானது, தலைமுறை கடந்தும் மாறாதது என்ற மூன்றையும் காட்டவேண்டும். அதனால் தண்டின் நிறம், மணியின் நீளம், மூக்கு, பூக்கும் நாள் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே குறித்துவைத்திருப்பது நல்லது. அரசு வெளியீடாகவே வரவேண்டும் என்றால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பல இடங்களில் சோதனை நடத்தவேண்டும். வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்ற வரிசையும் அதோடு வரும்.

விதைப் பெருக்க வயலைச் சுற்றி வேறு நெல்லிலிருந்து குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். பொதிக்கு முன் ஒரு முறை, பூக்கும்போது ஒரு முறை, அறுவடைக்கு முன் ஒரு முறை கலவன் நீக்குங்கள். விதை ஈரம் 13 சதவீதத்துக்குள் காய்ந்தபிறகே மூட்டை கட்டவேண்டும். ஒவ்வொரு வருடமும் நூறு கதிரைத் தனித்தனியாக அறுத்து, தனி வரிசையாக விதைத்து, மாறுபட்ட வரிசையை முழுதாகப் பிடுங்கிவிட்டு மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டால் ரகம் கலையாமல் இருக்கும். எஃப்5-இல் மிஞ்சிய வரிசைகளின் விதையிலும் ஒவ்வொரு கைப்பிடியைக் காற்றுப்புகாத டப்பாவில், பெயர் எழுதி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கடைசிப் பருவ வறட்சியில் தோற்ற வரிசைகளில் முன்பருவ வறட்சிக்குத் தேவையான செடி இருக்கலாம்.